கருணை மதிப்பெண்

"இந்த மார்க்கு நான் எடுத்ததா சார், நீங்க போட்டதா?"

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு பெண் என் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டாள். கையில் நாலாக மடித்த மதிப்பெண் பட்டியல். நான் அன்று சொன்ன பதில் பொய். ஒரு வாரம் கழித்துச் சொன்னது உண்மை. இரண்டுமே அவள் கேட்டதற்குப் பதிலாகவில்லை என்ற உறுத்தல் இன்னமும் இருக்கிறது. கல்வி என்றதும் இம்மாதிரிப் பத்திரிகைகளில் நாம் கொட்டாவி விடுகிறோம். அல்லது ஸ்தாபனத்தை நாலு வரி சாடிவிட்டுக் கவிதைப் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரக்கம் என்கிற விஷயம். அது எந்த இடத்தில், யாரும் கவனிக்காமல், அவமதிப்பாக மாறிவிடுகிறது என்பது.

முதலில் விவரம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வைகைக்கு வடகரையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வாரம் மூன்று மாலை அடிப்படைக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை. அங்கே 1901இல் ஜோலியெட் என்ற ஊரில் தொடங்கியது. இங்கே 1995இல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் மூலமாகவும், 1996இல் சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் மூலமாகவும் வந்தது. சேவியர் அல்போன்ஸ் என்ற யேசு சபைத் துறவி இதற்காக ஊர் ஊராக அலைந்தவர். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு திட்டம் போட்டது. பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், பன்னிரண்டில் தவறியவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பின் ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் - இவர்களுக்கு ஒரு வருஷத்தில் ஒரு தொழில். குளிர்சாதனப் பழுது, தையல், கம்ப்யூட்டர், மருத்துவமனை உதவியாளர். ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வேலை என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அவர் பேராசிரியர், ஓட்டை எப்படி விழுந்தது என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

என் வகுப்பில் முப்பத்துச் சொச்சம் பேர். முதல் நாள் நான் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். 702இலிருந்து 385ஐக் கழிப்பது பாதிப் பேருக்கு வந்தது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்றார்கள் - மேலே உள்ளதை மேலே உள்ளதோடு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகிறதே என்று ஒருவரும் திடுக்கிடவில்லை. தவறு எனக்குப் பழகியது. அந்தத் திடுக்கிடாமைதான் புதிது. காகிதத்தில் இருக்கும் எண்கள் எந்தப் பொருளையும் குறிக்காதவை, அவற்றுக்குள் என்ன நடந்தாலும் அது நம் உலகத்தைத் தொடாது என்று பத்து வருஷப் படிப்பு அவர்களுக்குத் தீர்க்கமாகக் கற்றுக்கொடுத்திருந்தது.

"எனக்குக் கணக்கு வராது சார்" என்பார்கள். இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஒருநாளும் அதன் இலக்கணத்தை யோசித்ததில்லை. இதில் எழுவாய் கணக்கு. மனிதன் நாலாம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறான். மழை வருவதுபோல, தூக்கம் வருவதுபோல, கணக்கு சிலரிடம் வருகிறது, சிலரிடம் வராது. வராததற்கு யார்மேல் குறை சொல்வது? பாட்டு வராது, நீச்சல் வராது என்றும் சொல்கிறோம். ஆனால் பாட்டு வராதவனை யாரும் தேர்வில் நிறுத்திவைப்பதில்லை. 'வராது' என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் இருந்தது துக்கம்கூட இல்லை. ஒரு வழக்கை என்றோ விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்ட அமைதி.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். திருமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமம். அம்மா மல்லிகைத் தோட்டத்தில் அரும்பு எடுக்கப் போகிறவள். மீதி நேரம் பூக்கட்டு. விடியுமுன் பறித்த அரும்பை இவள்தான் மூட்டையோடு பஸ் ஏற்றி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்க் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வருவாள். பூ விலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம் - முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், மறுநாள் கேட்பாரில்லாமல் கிடக்கும். காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை. ஒருநாள் வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகக் கேட்டேன்: "கிலோ 640ன்னா 150 கிராம் எவ்வளவும்மா?" இமைப்பதற்குள், "96 சார்". எப்படி? "நூறு 64, அம்பதுக்கு 32." நான் கரும்பலகையில் 3/20 × 640 என்று எழுதினேன். அவள் முகம் மாறியதை நான் மறக்க முடியாது. ஒரு கதவு சாத்திக்கொண்டதுபோல. "இது வராது சார்" என்றாள். இரண்டும் ஒரே கணக்கு என்று நான் சொன்னபோது, என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் தேங்காயும் சோளமும் விற்கும் பிள்ளைகளைக் கவனித்து 1985இல் டெரசின்யா நூனஸும் அவருடைய சகாக்களும் எழுதிய ஆய்வு இதைத்தான் காட்டியது. கடையில் நின்று கேட்ட கணக்குகளில் ஏறக்குறைய எல்லாமே சரி - 98 சதவீதம். அதே பிள்ளைகளிடம் அதே எண்களை வெறும் கூட்டல் பெருக்கலாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவீதம். 35 குருசேரோ வீதம் பத்துத் தேங்காய்க்கு எவ்வளவு என்றால் அந்தப் பையன் பூஜ்யம் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, பிறகு 315, பிறகு ஒன்று, 350 என்று ஏறிப்போனான். நாற்பது வருஷம் கழித்து, 2025இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்ததும் இதுவே. அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: பள்ளியில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகளைச் சந்தைக் கணக்கில் நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் திணறினார்கள். இரண்டு கரைகள், பாலம் இல்லை. ஆனால் ஒரு கரையில் நிற்பவனுக்கு மட்டும்தான் 'கணக்கு வராது' என்ற பட்டம்.

பாலம் எப்போதாவது இருந்ததா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது என்று ஒரு ஏக்கம் நம்மிடையே உலவுகிறது. 150 கிராம் என்பது கிலோவில் இருபதில் மூன்று. இருபதில் ஒன்றுக்கு 'மா' என்று பெயர் இருந்தது. ஆகவே இது மூன்று மா. பதினாறில் ஒன்று மாகாணி; எண்பதில் ஒன்று காணி; 320இல் ஒன்று முந்திரி. இவற்றுக்கெல்லாம் வாய்பாடு. எண்சுவடியைப் பிள்ளைகள் கோஷமாகச் சொல்லி மனனம் செய்தார்கள். நிலத்துக்குக் குழிமாற்று, தானியத்துக்கு நெல்லிலக்கம். பின்னம் அங்கே ஒரு எண்ணின் கீழ் கோடு போட்டு இன்னொரு எண்ணை உட்காரவைத்த விசித்திர ஜந்து அல்ல. அதற்கென்று ஒரு பெயர், ஒரு ஓசை, களத்துமேட்டில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு அளவு. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும் வரை ரூபாயின் மாகாணிதான் ஓரணா.

நானும் இந்த ஏக்கத்துக்கு ஆட்பட்டவன்தான். ஆனால் செந்தில் பாபு இந்தக் கணித மரபைப் பற்றி 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புத்தகத்தைப் படித்தபின் அதைக் கொஞ்சம் அடக்கிவைத்திருக்கிறேன். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் புரட்டுகிறவன் அதில் யார் யாருக்காக அளந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கணிதம் உழுதவனிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதன் கணிதமும்கூட. மரக்காலைப் பிடித்தவன் ஒருத்தன், குவியலைக் குவித்தவன் இன்னொருத்தன். அளந்து வாங்குகிற படி ஒன்று, அளந்து கொடுக்கிற படி வேறு என்று கிராமத்தில் இன்றும் வயசானவர்கள் சொல்வார்கள். கணக்குப்பிள்ளை வேலை பரம்பரையாகச் சில குடும்பங்களில் மட்டும் இறங்கியது. 1980 நவம்பரில்தான் தமிழ்நாட்டில் அது ஒழிந்தது. இந்தப் பெண்ணின் பாட்டி எந்தத் திண்ணையிலும் ஏறியிருக்க முடியாது. மூன்று மா என்ற சொல்லை அவள் இழந்துவிட்டாள் என்று நான் உருகுவதில் அர்த்தமில்லை. அவள் கைக்கு அது வந்ததே இல்லை.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அவள் சேர்ந்தது மருத்துவமனை உதவியாளர் படிப்பு. வருஷக் கடைசிப் பரீட்சையில் என் தாளில் அவள் எடுத்தது 31. தேற 40 வேண்டும். ஒரு கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நானே போட்டது: 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? அவள் 10,000 சொட்டு என்று சரியாகக் கண்டிருந்தாள். 240 நிமிஷம் என்றும் சரியாகக் கண்டிருந்தாள். பிறகு 240ஐ 10,000ஆல் வகுத்து 0.024 என்று வந்ததும், இவ்வளவு சின்ன எண் நிச்சயமாகத் தப்பு என்று பயந்து, புள்ளியை அழித்துவிட்டு 24 என்று எழுதியிருந்தாள். சரியான விடை ஏறக்குறைய 42. நிமிஷத்துக்கு 24 சொட்டு என்றால் நாலு மணி நேரத்தில் இறங்க வேண்டியது ஏழு மணி நேரம் இழுக்கும். நான் ஐந்துக்கு மூன்று போட்டேன், 'முயற்சிக்கு'. இப்படி அங்கே ஒன்று இங்கே இரண்டு என்று ஒன்பது சேர்த்து 40 ஆக்கினேன். எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பூ மூட்டை தூக்குகிற பெண்ணை ஒன்பது மதிப்பெண்ணுக்காக நிறுத்திவைக்கிற பாவத்தை நான் செய்யவில்லை. இதற்குத் தமிழில் ஒரு பெயரும் வைத்திருக்கிறோம்: கருணை மதிப்பெண். புத்தருக்கும் வள்ளலாருக்கும் உரிய சொல்லை எடுத்து, கூட்டல் சரியாக வராத இடத்தில் ஒட்டவைத்திருக்கிறோம்.

அவளுக்கு ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தது. சலைன் போடுவது அவள் வேலை அல்ல. ஆனால் இரவில் ஒரே ஒரு நர்ஸ், மூன்று அறைகள், ஒரே நேரத்தில் இரண்டு மணிகள் அடித்தால் யார் வேலை யாருடையது என்று சட்டம் வந்து பிரித்துக்கொடுப்பதில்லை. "நாலு மணி நேரத்துல போற மாதிரி சொட்டு வச்சுட்டு வா" என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். இவள் பாட்டிலின் முன்னால் போய் நின்றாள். என் கேள்வித்தாள் ஞாபகம் வந்திருக்கிறது - 500 மில்லி, நாலு மணி நேரம். 24 என்று தான் எழுதியதும், தேறியதும் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் கை போகவில்லை. திரும்பி வந்து, "எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். வசவு கிடைத்தது. பாஸ் பண்ணின சர்டிபிகேட்டை எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு நாளில் வேலையும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவள் என் வாசலில் வந்து நின்றது.

எடுப்பது, போடுவது - இந்த இரண்டு வினைகளை அவள் பிரித்த நுட்பத்தை நான் எந்த நீதிநூலிலும் பார்க்கவில்லை. நான், "எல்லாம் நீ எழுதினதுக்குத்தாம்மா" என்றேன். சொன்னவுடனேயே தெரிந்தது, இது அந்த ஒன்பதைவிட மோசமான பொய் என்று. முதல் பொய்யை அவள் இல்லாத இடத்தில் ஒரு காகிதத்திடம் சொன்னேன். இது முகத்துக்கு நேரே. ஒரு வாரம் கழித்து அவள் ஊருக்கே போய், விடைத்தாளில் எந்தெந்தக் கேள்விக்கு எவ்வளவு சேர்த்தேன் என்று சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா திரும்ப எழுதியிருப்பேன்ல சார்" என்றாள். அவ்வளவுதான்.

குற்றமற்ற நன்மையைத் தருவதானால் பொய்யும் வாய்மையின் இடத்துக்கு வரும் என்று குறள் ஓர் அனுமதி தருகிறது. வாத்தியார்கள் இந்த அனுமதியை மிகவும் நம்பி வாழ்கிறோம். மறுபக்கம் கான்ட் 1797இல் ஒரு கட்டுரை எழுதினார், மனித நேசத்தின் பொருட்டுப் பொய் சொல்லும் உரிமை என்று சொல்லப்படுவதைப் பற்றி. கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார். இதைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு, நானும் சிரித்தவன். கொலைகாரன் விஷயத்தில் இன்றும் நான் வள்ளுவர் பக்கம்தான். ஆனால் அந்த உதாரணத்தில் பொய் சொல்லப்படுவது கொலைகாரனிடம். நண்பனிடம் அல்ல. என் விஷயத்தில் நான் யாரைக் காப்பாற்றுவதாக நினைத்தேனோ அவளிடமே பொய் சொன்னேன். குறளின் நிபந்தனை இங்கே பெரிய பாரத்தைத் தாங்குகிறது - நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். அதை முன்கூட்டித் தீர்மானிப்பவன் யார்? சலைன் பாட்டிலின் கீழே படுத்திருக்கும், பெயர் தெரியாத அந்த நோயாளியை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. அவளையாவது சேர்த்தேனா என்றால், அவள் 31 என்ற உண்மையைத் தாங்கக்கூடியவள் என்று எனக்குத் தோன்றவில்லை. பூ விலையில் அரை ரூபாய் ஏமாற்றினால் கமிஷன் கடைக்காரனிடம் சண்டைக்கு நிற்கும் பெண்ணை, ஓர் எண்ணைக் கேட்டால் ஒடிந்துவிடுவாள் என்று நான் முடிவுகட்டியிருக்கிறேன். இரக்கத்தின் உள்ளே இந்த மதிப்பீடு ஒளிந்திருந்தது. இதற்கு அவமதிப்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில் ஓர் அடிமைப் பையன் வருகிறான். சாக்ரடீஸ் மண்ணில் இரண்டடிப் பக்கமுள்ள சதுரம் வரைந்து, இதைப்போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பையன் நாலு என்கிறான். பரப்பு பதினாறாகிவிடுகிறது. மூன்று என்கிறான். ஒன்பது. பிறகு தெரியவில்லை என்று நின்றுவிடுகிறான். அந்த இடத்தில் சாக்ரடீஸ் மேனோவிடம் திரும்பி, இவன் மரத்துப்போய் நிற்பது இவனுக்குக் கெடுதலா என்று கேட்கிறார். இல்லை, முன்பு தெரியும் என்று நினைத்தான், இப்போது தெரியாது என்று தெரிந்துகொண்டான், இனித் தேடுவான் என்கிறார். எனக்கு மூலைவிட்டத்தில் முடியும் அந்த நிரூபணத்தைவிட இந்த நிறுத்தம் முக்கியமாகப் படுகிறது. என் ஒன்பது மதிப்பெண் அவளிடமிருந்து பறித்தது இந்த நிறுத்தத்தைத்தான். நர்சிங் ஹோமில், ராத்திரி ஒரு மணிக்கு, வசவுகளுக்கு நடுவில் அவள் அதைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாக்ரடீஸையும் முழுக்க விட்டுவிட மனமில்லை. பாடம் முடிந்ததும் அந்தப் பையன் உரையாடலிலிருந்து காணாமல் போய்விடுகிறான். அவன் பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை. ஆன்மாவைப் பற்றிய ஒரு கொள்கைக்குச் சாட்சியாக அவன் தேவைப்பட்டான், தீர்ந்தது. உதவி செய்கிறவர்கள் உதவி பெறுகிறவர்களைத் தங்கள் கொள்கைக்குச் சாட்சியாக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு வயது இரண்டாயிரத்து முன்னூறுக்கும் மேல். இந்தக் கட்டுரையும் அதற்கு விலக்கில்லை என்பது எனக்குத் தெரிகிறது.

நம் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலக்கியக்காரர்களிடையே "எனக்கும் கணக்குக்கும் வெகுதூரம்" என்று சொல்லிக்கொள்வது ஒரு ஆபரணம். ஏதோ கணக்கு வராததால்தான் கவிதை வந்ததுபோல. கும்பகோணத்தில் 1904இலும் பின்னர் சென்னையிலும் மற்றப் பாடங்களில் தோற்றுப்போன ராமானுஜத்தை ஒரு கையிலும், கணக்கில் தோற்ற தன்னை மறு கையிலும் வைத்துக்கொண்டு, மேதைமைக்கும் பரீட்சைக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு வராமல் போனாலும் பிழைத்துக்கொள்ளும் வசதி உள்ளவனுக்குத்தான் அது ஆபரணம். கடன்காரன் வாரவட்டியில் எவ்வளவு பிடிக்கிறான், ஒப்பந்தக்காரன் எத்தனை நாள் கூலியை விழுங்கினான் என்று பார்க்க வேண்டியவனுக்கு அது உடம்பில் ஒரு ஊனம். அதைப் பற்றி அவன் பெருமையடித்து நான் கேட்டதில்லை.

அவள் திரும்ப வந்தாள். கல்லூரிக்கு அல்ல, என் வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில், மார்க்கெட்டிலிருந்து நேராக, கூடையில் ஒட்டிய பூவாசத்தோடு. சம்பளம் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. நான் கரும்பலகையை விட்டுவிட்டேன். 150 கிராமிலிருந்து ஆரம்பித்தோம். எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே நகரவில்லை. பூ என்றால் வரும், பூவை எடுத்துவிட்டால் நின்றுவிடும். மருந்து மில்லிகிராமில் வருகிறது. மில்லிகிராம் அரும்பு என்று ஒன்று கிடையாது.

ஒருநாள், 3ஐ முக்காலால் வகுக்க வேண்டிய இடம் வந்தது. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்றேன், முப்பது வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம். விடை 4. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "வகுத்தாக் குறையணும்ல சார், இது எப்படிக் கூடுது? ஏன் தலைகீழாக்கணும்?" நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. எம்.எஸ்ஸி. வரை கணிதம் படித்தவன், அதைவிடப் பல மடங்கு சிக்கலான விஷயங்களை நிரூபித்தவன், இதற்கு மட்டும் ஒரு விதியைத் தவிர என்னிடம் ஏதுமில்லை. ஐந்தாம் வகுப்பில் எனக்கு யாரோ சொன்னார்கள், நான் எழுதினேன், மார்க் போட்டார்கள். அதாவது எனக்கும் யாரோ கருணை காட்டியிருக்கிறார்கள், நான் அறியாமலே. சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள்: "மூணு கிலோ அரும்ப முக்கா முக்காக் கிலோவாப் பொட்டலம் போட்டா நாலு பொட்டலம் வரும். அதுவா சார்?" அதுதான். அப்படியானால் ஒரு கிலோவில் எத்தனை பொட்டலம் என்று நான் கேட்டேன் - அவளிடமா, என்னிடமா என்று தெரியவில்லை. ஒரு முழுப் பொட்டலம், பிறகு கால் கிலோ மிச்சம். அது பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றும், மூன்றில் ஒன்றும். மூன்றில் நாலு. தலைகீழாகி நிற்கிற எண் அதுதான்: ஒரு கிலோவுக்கு இத்தனை பொட்டலம் என்கிற விகிதம். மூன்று கிலோவுக்கு அதை மூன்றால் பெருக்குகிறோம். எழுபதை நெருங்கும் வயதில், என் வீட்டுத் திண்ணையில், எனக்கு இது விளங்கியது.

அதன் பிறகு சொட்டுக் கணக்குக்குப் போனோம். அவள் போட்ட விதத்தை அப்படியே தருகிறேன். "பத்தாயிரம் சொட்டு, 240 நிமிஷம். நிமிஷத்துக்கு 40ன்னா 9600 ஆச்சு. மிச்சம் 400. இன்னொண்ணு சேத்தா 9840. மிச்சம் 160, அது பாதிக்கு மேல. 42 வச்சுக்கலாம் சார்." ரெசிஃபே தேங்காய்க்காரப் பையனின் ஏணி இது. எந்த விடைத்தாளிலும் இதற்கு நான் முன்பு முழு மார்க் கொடுத்திருக்க மாட்டேன். 'படிகள் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். இதில்தான் எல்லாப் படிகளும் இருக்கின்றன.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இன்னொரு விதமாக முட்டிக்கொண்டார்கள். அங்கே நுழைவிலேயே பரீட்சை வைத்துப் பலவீனமானவர்களைத் தனி வகுப்பில் போட்டார்கள். அந்த வகுப்புக்குப் பட்டத்தில் கணக்கு கிடையாது, கட்டணம் மட்டும் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வகுப்புகள். பெரும்பாலோர் அந்தச் சுரங்கத்தைவிட்டு வெளியே வரவேயில்லை. 2017இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டு, நேராகக் கல்லூரிக் கணிதத்திலேயே உட்காரவையுங்கள், பக்கத்தில் நின்று உதவுங்கள் என்றது. அதற்கும் எதிர்ப்பு இருக்கிறது. இங்கே 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. தமிழ்நாடு அந்தத் தளர்வை ஏற்கவில்லை. நிறுத்திவைக்காததுதான் சீரழிவுக்குக் காரணம் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் கூட்டங்களில் மேஜையைத் தட்டிச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிள்ளையை நிறுத்திவைப்பதும் அதனிடம் உண்மையைச் சொல்வதும் ஒன்றல்ல. இவ்வளவு காலம் நிறுத்திவைத்தபோதும் நாம் உண்மையைச் சொல்லவில்லை. 'மக்கு' என்றுதான் சொன்னோம்.

அவள் இப்போது வேறொரு மருத்துவமனையில் இருக்கிறாள். ஞாயிறு வருவது நின்றுவிட்டது, நேரமில்லை. நான் இன்னமும் அந்தக் கல்லூரிக்குப் போகிறேன். ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன்: தவறுகிறவர்களை, எண்களைப் பதிவேட்டில் ஏற்றுமுன் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிடுகிறேன். திரும்ப எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள்.

இந்த வருஷம் ஒருவன் வந்தான். குளிர்சாதனப் பிரிவு, வயது இருபத்திரண்டு, பகலில் டிபன் கடையில் வேலை. 33. தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கெங்க தப்புன்னு எனக்கே தெரியும் சார். உக்காந்து படிக்க நேரம் கிடையாது. அடுத்த மாசம் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில எடுக்குறாக, பாஸ்னு இருந்தாப் போதும். போட்டு விடுங்க. நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியும், அது போதும்ல?" என்றான். நான் அவனிடம் சொட்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏ.சி. மிசின்ல யாரும் சாக மாட்டாங்க சார்" என்றான். நாங்கள் இருவரும் பொய் என்று தெரிந்தே ஒப்புக்கொள்கிற பொய், அதனால் அவனிடம் சொல்லப்படாத பொய். கோயம்புத்தூர்க்காரரிடம் மட்டும் சொல்லப்படுவது. ஏமாற்றப்படுபவன் ஒருவன் இன்னும் இருக்கத்தான் செய்கிறான். ஆனால் எதிரில் நிற்பவன் இல்லை. கான்ட் என்ன சொல்வார் என்று தெரியும். அந்தப் பெண் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. இரண்டு நாள் அந்தத் தாளை மேஜைமேல் வைத்திருந்தேன்.

போட்டேன். ஏழு. எத்தனை என்று அவனிடம் சொல்லிவிட்டு.